எட்டடி தூரத்தில் நின்ற பந்தயம்

தை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, உப்பு லாரி ஓட்டும் அபுதாகிர் கடலில் ஒரு கிலோமீட்டர் நீந்தி, உப்பளச் சாலையில் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டர் ஓடி, பாசிமுனை ஊரின் வாசலில் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த வெள்ளைக் கோட்டுக்கு எட்டடி தூரம்வரை வந்தான். அதற்கப்புறம் வரவில்லை. ஓடிக்கொண்டுதான் இருந்தான். முழங்கால் ஏறி இறங்கியது, வியர்வை தெறித்தது, செருப்புக்கடைப் பலகைக்கு நேரே அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது. ரிப்பனின் இரண்டு முனையையும் பிடித்திருந்தவர்கள் கைவலிக்கும்வரை பிடித்திருந்தார்கள், ஜனங்கள் கால்மணி நேரம் விடாமல் கைதட்டினார்கள், ஒலிபெருக்கியில் போட்டிச் செயலாளர் கிருபானந்தம் "வாங்க தம்பி, வாங்க, இந்தா வந்துட்டீங்க" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார்.

பாசிமுனைக்கு மூன்று பக்கமும் கடல், நாலாவது பக்கம் ஒரே ஒரு சாலை. கோடு அந்தச் சாலையின் கழுத்தில் போட்டிருந்தது. பந்தயத்துக்கு நோட்டீசில் டிரையத்லான் என்று அச்சடித்திருந்தாலும் ஊரார் மூணடுக்கு என்றுதான் சொல்வார்கள். மூணடுக்கில் முதலாவதாக வருகிறவருக்குப் பக்கத்துத் துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை கிடைக்கும் என்பதால் அந்த வருஷம் அபுதாகிர் ஆறு மாதமாக உப்பு மூட்டை ஏற்றிய கையோடு பயிற்சி எடுத்திருந்தான். முந்தின நாள்தான் அரசு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி அவன் மனைவி ஹபீபாவுக்குப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. ஆஸ்பத்திரி கோட்டுக்கு அந்தப் பக்கம் நூறடியில் இருந்தது. பிள்ளையை அவன் இன்னும் பார்க்கவில்லை. ஜெயித்த கையோடு போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வந்தான், அவனும் எட்டடியில் நின்று ஓடினான். மூன்றாவது ஆள் வந்தான். நாலாவதாக, பெண்களில் முதலாவதாக, கூட்டுறவு வங்கியில் எழுத்தராக இருக்கும் சுடர்க்கொடி வந்தாள். பத்தேகாலுக்கெல்லாம் முப்பது பேர் அந்த எட்டடிக்கு வெளியே, மழைக்கு ஒரே கூரையின் கீழ் ஒதுங்கியவர்களைப்போல ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்தவர் கடைவீதித் தையல்காரர் சுயம்புலிங்கம். ஐம்பத்திரண்டு வயது, நல்ல தொந்தி. அவர்தான் முதலில் ஓடுவதை நிறுத்தி, "ஏன் எல்லாரும் இங்கேயே நிக்கீங்க?" என்று கேட்டார். பதினொரு மணிக்கு வேறு விழா இருந்த சிறப்பு விருந்தினர் தன் மாலையைத் தானே கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனார். கார் கோட்டைத் தாண்டி வெளியே போவதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அன்று மதியத்துக்குள் எல்லா வழியும் பார்த்துவிட்டார்கள். நடந்து பார்த்தார்கள், தவழ்ந்து பார்த்தார்கள், பின்பக்கமாக நடந்தும் பார்த்தார்கள். அபுதாகிரை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். நாலு பேரும் கோட்டைத் தாண்டினார்கள், ஸ்ட்ரெச்சரும் தாண்டியது, அபுதாகிர் மட்டும் எட்டடிக்கு வெளியே சாலையில் படுத்திருந்தான். சுடர்க்கொடி பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஊருக்குள் போனது, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி அவள் சாலையில் நின்றாள். படகில் ஏற்றிக் கடல்வழியே கொண்டுபோகப் பார்த்தபோது, கோட்டுக்கு நேரான இடத்துக்கு வந்ததும் படகு திரும்பித் திரும்பி வட்டமடித்தது. டீசல்தான் தீர்ந்தது. கிருபானந்தம் துடைப்பத்தால் கோட்டை அழித்து இரண்டு குடம் தண்ணீரும் ஊற்றினார். சாலை சுத்தமானது, கோடு இருந்த இடத்தில் இல்லாமலே இருந்தது. அவர் பந்தயத்தில் ஓடாதவர், நாளுக்கு நாற்பது தடவை போய் வந்துகொண்டிருந்தார். ஓடியவர்களுக்குத்தான் வழி இல்லை.

ஊர் என்றால் எதையும் தாங்கிக்கொள்ளும். முதல் நாள் சாயந்திரத்துக்குள் முப்பது பாயும் முப்பது தலையணையும் வெளியே வந்தன. இரண்டாம் நாள் கல்யாண மண்டபத்துக்காரர் பந்தல் போட்டுக்கொடுத்தார். மூன்றாம் நாள் வங்கி மேலாளர், சுடர்க்கொடியின் மேஜையைச் சாலையோரம் போடச்செய்து, கோட்டைத் தாண்டி வந்து காகிதங்களைக் கொடுத்து வாங்கிக்கொண்டார். சுயம்புலிங்கத்தின் தையல் மெஷினை அவர் மகள்கள் இருவர் தூக்கிவந்து கொடுக்க, தை மாதக் கல்யாணங்களுக்குத் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டுகளை அவர் பந்தலடியிலேயே தைத்து முடித்தார். அளவு கொடுக்கப் பெண்கள் வெட்கப்படாமல் வந்துபோனார்கள். பங்குத்தந்தை வந்து செபித்தார், பள்ளிவாசல் இமாம் வந்து ஓதினார், அம்மன் கோவில் பூசாரி வந்து எலுமிச்சம்பழம் அறுத்தார், பிறகு மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து, இதற்குச் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கிராம நிர்வாக அதிகாரி, இந்த முப்பது பேரும் இனி எந்தப் பஞ்சாயத்தில் சேர்த்தி என்று மேலே எழுதிக் கேட்டார். தபால்காரர் உறைகளில் "கோட்டுக்கு வெளியே" என்ற விலாசத்தை ஏற்றுக்கொண்டார். ஐந்தாம் நாளுக்கு மேல் யாரும் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் ஹாரன் அடித்துவிட்டு மெதுவாகப் போகப் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

ஒவ்வொரு விடியற்காலையும் முப்பது பேரும் எழுந்து வரிசையாக நின்று அந்த எட்டடியை ஓடிப் பார்த்தார்கள். அந்த வரிசையைக் கலைக்க யாரும் முயலவில்லை. அபுதாகிர்தான் முதலில் ஓடுவான், சுயம்புலிங்கம்தான் கடைசி. பந்தய நேரம் காட்டும் பெட்டி கம்பத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. தொண்ணூற்றொன்பது மணி ஆனதும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியது, கிருபானந்தம் அதைத் தன் நோட்டில் குறித்துவைத்தார்.

ஒன்பதாம் நாள் திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று ஹபீபா பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல நடந்து கோட்டைத் தாண்டி, பிள்ளையை அபுதாகிரின் கையில் வைத்தாள். பிள்ளையின் உள்ளங்காலைத் தன் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே இருந்தான்.

"மச்சான், மொத்தம் எத்தனை பேரு ஓடுனீங்க?" என்று ஹபீபா கேட்டாள்.

"முப்பது."

"நோட்டீசுல முப்பத்தொண்ணுன்னு படிச்சேனே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு ஒரே நோட்டீசத்தான் ஒன்பது நாளா படிச்சேன்."

அபுதாகிர் கிருபானந்தத்தைப் பார்த்தான். கிருபானந்தம் நோட்டைப் புரட்டினார். புரட்டத் தேவையில்லாத பக்கத்தையும் புரட்டினார். "பதினேழாம் நம்பர்," என்றார். "இன்னாசியம்மாள். ஐஸ் கம்பெனியில வேலை பாக்குற அம்மா. விலகிட்டாங்கன்னு எழுதியிருக்கேன்."

"விலகுதேன்னு அவங்க சொன்னாங்களா?" என்றாள் ஹபீபா.

"சொல்லல. வரலல்லா?"

அந்த ஒன்பது நாளும் இருந்தவர்களைத்தான் ஊர் எண்ணிக்கொண்டிருந்தது. இன்னாசியம்மாளுக்கு நாற்பத்தேழு வயது, தனி ஆள். லீவு போட்டிருப்பாள் என்று ஐஸ் கம்பெனி நினைத்தது, கம்பெனியில் இருப்பாள் என்று தெரு நினைத்தது. கடலிலிருந்து முதலில் கரையேறியவளே அவள்தான். அபுதாகிருக்கு நாலு நிமிஷம் முன்னால் அவள் மணலில் ஓடி ஏறியதையும், நனைந்த சுடிதாரோடு இரவல் சைக்கிளில் உட்கார்ந்ததையும் முப்பது பேரும் பார்த்திருந்தார்கள், கேட்டபோது எல்லாருக்கும் நினைவு வந்தது.

பிறகு சுடர்க்கொடி தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள்.

"உப்புக் குடோன் வளைவுல அவங்க நின்னாங்க," என்றாள். "சைக்கிள் சங்கிலி அறுந்து கையில தொங்கிச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்."

மூன்று பேர் அதையேதான் தாங்களும் பார்த்ததாகச் சொன்னார்கள். பிறகு ஆறு பேர். பிறகு ஒருவரைத் தவிர எல்லாரும். சுயம்புலிங்கம், தான் கண்ணாடி போடாமல் ஓட்டியதால் பாதையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று சொன்னார், அதை யாரும் மறுக்கவில்லை. கடைசியாகக் கிருபானந்தம், சிறப்பு விருந்தினருக்கு நேரமாகிறது என்று பத்தேகாலுக்கே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் போன் பண்ணித் தண்ணீர் மேஜையை எடுக்கச் சொன்னது தான்தான் என்றார்.

மறுநாள் அபுதாகிரும் சுடர்க்கொடியும் உப்பு லாரியில் கழுகுமலைக்குப் போனார்கள். வெளியே போக அவர்களுக்குத் தடை இல்லை. இன்னாசியம்மாளின் அக்கா அங்கே இருப்பதை ஐஸ் கம்பெனி மேஸ்திரி சொல்லியிருந்தார். ஓட்டு வீட்டு வாசலில் வற்றல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த இன்னாசியம்மாள் அவர்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லி ஒரு சாக்கை இழுத்துப் போட்டாள். நடந்ததையெல்லாம் அபுதாகிர் சொன்னான். ஸ்ட்ரெச்சர் கதையில் அவள் லேசாகச் சிரித்தாள். மற்றபடி ஆச்சரியப்படவில்லை.

"சங்கிலிய நானே ஒரு துண்டுக் கம்பியப் போட்டு முறுக்கி மாட்டுனேன்," என்றாள். "ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு. மிதிச்சு வந்து சேர்ந்தா, மேஜையெல்லாம் லோடு ஆட்டோவுல ஏத்திட்டாவ. ஒருத்தன் சொன்னான், ரேஸ் முடிஞ்சுபோச்சு ஆன்ட்டி, வீட்டுக்குப் போங்கன்னு. முடிஞ்சுபோன ரேஸ எங்கபோயி ஓட? வீட்டுக்குப் போறதுக்கும் அந்த ரோட்டுலதான போவணும். எல்லாரும் நிப்பாங்க, பாப்பாங்க. அதான் எதுத்தாப்புல வந்த பஸ்ல ஏறிட்டேன்."

"முடியல அக்கா," என்றான் அபுதாகிர். "இன்னும் முடியல."

"உங்களுக்கு வீட்டுக்குப் போவணும். அதுக்கு நான் ஓடணும். அப்படித்தான?"

அபுதாகிர் தலையைக் குனிந்துகொண்டான். சுடர்க்கொடிதான் பேசினாள்.

"நான் உங்க கையில சங்கிலியப் பாத்தேன்க்கா. கையெல்லாம் கிரீஸ், ரத்தம். எம் பையில சங்கிலி மாட்டுற கருவி இருந்துச்சு. பின்னால வாரவங்க யாராவது நிப்பாங்கன்னு நினைச்சேன். நான் அப்ப நாலாவதா போயிட்டிருந்தேன். மூணாவது ஆளு கண்ணுக்குத் தெரிஞ்சான். அவனக்கூட என்னால கடைசிவரைக்கும் பிடிக்க முடியல."

இன்னாசியம்மாள் கையிலிருந்த மிளகாயைக் கீழே வைத்தாள். தெருவில் ஒரு ஆடு போஸ்டரைத் தின்றுகொண்டிருந்தது.

"ஒன்பது நாளா நான் இதத்தான் யோசிக்கேன்," என்றாள். "ஒருத்தரும் நிக்கலையேன்னு முதல்ல அழுதேன். அப்புறமா, உன் சங்கிலி அறுந்து நான் முன்னால போயிட்டிருந்தா நான் நின்னிருப்பேனான்னு யோசிச்சேன். நின்னிருப்பேன்னு சொல்லத்தான் ஆசை. தெரியல தாயி. கடல்லேருந்து முதல்ல ஏறுனப்ப எனக்கிருந்த வெறி எனக்குத்தான் தெரியும்."

பிறகு எழுந்து முந்தானையை உதறி, உள்ளே அக்காவிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். "எங்க நிறுத்துனாங்களோ அங்கேருந்துதான் ஓடுவேன். தண்ணி மேஜை இருக்கணும். யாரும் கூட ஓடி வரக்கூடாது. கையத் தட்டணும்னா தட்டுங்க, பாவம்னு தட்டாதீங்க."

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, உப்பு ஆலை வாசலில், சைக்கிள்களை நிறுத்தியிருந்த அதே இடத்திலிருந்து பதினேழாம் நம்பர் ஓடத் தொடங்கியது. மேஜை இருந்தது. அதற்குப் பின்னால் கிருபானந்தம் தனியாக நின்று ஒரே ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். அவள் அதை எடுத்துப் பாதி குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டு, அவர் என்னவோ சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டாள். முதல் கிலோமீட்டரை வேகமாக ஓடினாள், இரண்டாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், மூன்றாவதில் நடந்தாள். உப்பளங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உப்பு வாரும் பலகையை ஊன்றி நின்று பார்த்தார்கள். இரண்டு பஸ்கள் அவளுக்குப் பின்னால் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்து வந்தன, உள்ளே இருந்த ஒருவரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. நாலாவது கிலோமீட்டரில் மறுபடியும் ஓடினாள்.

கோட்டுக்குப் பக்கத்தில் முப்பது பேரும், பந்தலைப் பிரித்துச் சுருட்டிவைத்துவிட்டு, பந்தய உடையில், பந்தய வரிசையில் நின்றிருந்தார்கள். அவள் தலை வளைவில் தெரிந்ததும் அபுதாகிருக்குக் காலுக்கடியில் ஏதோ இளகியது. பதினொரு நாளாகச் சுவரில் சாய்வதுபோல் முன்னால் சாய்ந்தே நின்று பழகியவன் ஓரடி முன்னால் தடுமாறிப்போய்ச் சட்டென்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். மற்றவர்களும் அதைப் பார்த்தார்கள். வழி திறந்துவிட்டது. எட்டடியில் துறைமுக வேலை இருந்தது, கோட்டுக்கு அப்பால் பிள்ளையை வைத்துக்கொண்டு ஹபீபா நின்றாள். ஒருவரும் நகரவில்லை. அவள் வரட்டும், அவள் முதலில் போகட்டும் என்று யாரும் சொல்லாமலே முப்பது பேரும் இரண்டாகப் பிரிந்து நடுவில் வழிவிட்டு நின்றார்கள். ஊர் மொத்தமும் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இன்னாசியம்மாளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அறுபதடி தூரத்தில் வரும்போதே கையை வீசிக் கத்தினாள்.

"எதுக்கு நிக்கீங்க? சாமி ஊர்வலமா வருது? ஓடுங்கல!"

"அக்கா, நீங்க மொதல்ல..." என்றான் அபுதாகிர்.

"எனக்கு மொதல்ல வேண்டாம். ஓடி வந்து தோத்தேன்னு இருக்கணும். அன்னைக்கி நின்னிருக்கணும் நீங்க, இன்னைக்கி நிக்காதீங்க. ஓடுடா தம்பி!"

அவள் குரலில் இருந்தது கோபம்தான் என்பது புரிந்ததும் அபுதாகிர் திரும்பி, வாழ்நாளில் ஓடாத ஓட்டமாக அந்த எட்டடியை ஓடி ரிப்பனை நெஞ்சால் அறுத்தான். அவன் பின்னால் இரண்டாமவன், மூன்றாமவன், மூன்றாமவனின் தோளை உரசிக்கொண்டு சுடர்க்கொடி, அப்புறம் ஐந்தும் ஆறும் ஏழுமாக, பதினொரு நாள் அடைத்துவைத்த பட்டாளம் கதவு திறந்ததும் பாய்வதுபோல ஊருக்குள் பாய்ந்தது. ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. முழங்கை இடித்தது, ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கடைசியாக சுயம்புலிங்கம் தொந்தி குலுங்கக் கிளம்பி மூன்றடி ஓடினார். அதற்குள் இன்னாசியம்மாள் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். அவர் ஒரு கணம் தலையைத் திருப்பினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் ஒல்லியான தோளை முன்னால் எறிந்து கோட்டைத் தாண்டினாள். அவர் அவளுக்குப் பின்னால் தாண்டிக் குப்புற விழுந்தார்.

ஹபீபாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்த அபுதாகிர் மூச்சு அடங்கும்வரை பிள்ளையைத் தொடவில்லை, வியர்வை படும் என்று. கிருபானந்தம் ஒலிபெருக்கியில் முடிவுகளைப் படித்தார். முதல் பெயரோடு நிறுத்தாமல், மூன்றாவதோடும் நிறுத்தாமல், முப்பத்தொரு பெயரையும் நேரத்தோடு படித்தார். முதலாவதாக வந்த அபுதாகிரின் நேரம் இருநூற்று நாற்பது மணி நாற்பத்தொன்பது நிமிடம் இருபத்தொரு வினாடி. முப்பதாவதாக வந்த இன்னாசியம்மாளின் நேரம் அதைவிடப் பதினெட்டு வினாடி கூடுதல், முப்பத்தொன்றாவதாக வந்த சுயம்புலிங்கத்தின் நேரம் பத்தொன்பது. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே இவ்வளவு குறைவான இடைவெளியில் முடிந்த மூணடுக்கு வேறெங்கும் நடந்ததில்லை என்று மாநிலச் சங்கத்திலிருந்து பிற்பாடு கடிதம் வந்தது. இருநூற்று நாற்பது மணியைப் பற்றி அதில் ஒன்றும் கேட்கவில்லை. துறைமுகத்திலும் கேட்கவில்லை. முதலாவது என்றால் முதலாவது என்று அபுதாகிரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது சுயம்புலிங்கம் உள்ளங்கைச் சிராய்ப்பை ஊதிக்கொண்டே இன்னாசியம்மாளுக்குப் பக்கத்தில் வந்து சாலையில் உட்கார்ந்தார். அவள் காலை நீட்டிக் கெண்டைக்காலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"எட்டடிக்குள்ள என்னைய முந்திட்டியேம்மா," என்றார்.

"நீங்க திரும்பிப் பாத்தீங்க அண்ணாச்சி. ஓடும்போது யாராவது திரும்பிப் பாப்பாங்களா?"

"நீ வாறியான்னு பாத்தேன்."

அவள் கெண்டைக்காலை அமுக்குவதை நிறுத்தினாள். அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு மறுபடியும் அமுக்கத் தொடங்கினாள். முதல் பஸ் அவர்களைச் சுற்றி வளைந்து ஊருக்குள் போனது.